கதவுக்கு நடுவால் போன எல்லை

காலை ஆறு இருபது. படலையைத் தள்ளித் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாசற்கதவு. இரட்டைக் கதவு. அதன் இடப்பாதி திறந்து கிடந்தது. வலப்பாதி பூட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தடிப்பில் ஒரு சீமெந்துச் சுவர் வீட்டுக்குள்ளிருந்து புறப்பட்டு, நிலையைத் தாண்டி, வெளிப்படி வரை வந்து நின்றது. வீட்டைத் திருத்த வந்த இளம் கட்டடக் கலைஞர் கையில் அளவு நாடாவுடன் அதன் முன்னால் நின்றார்.

"ஐயா, இந்தச் சுவர் எதைத் தாங்குது?"

"ஒண்டையும் தாங்கேல்லை."

"அப்ப ஏன் கதவுக்கு நடுவாலை வருது?"

"எல்லை."

"காணிக்கோ?"

"வீட்டுக்கு."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு ஊரில் இப்படி ஒரு வீடும், கிணற்றில் ஒரு பங்கும், அவற்றைப் பற்றிக் கதை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு சகோதரமும் இருக்கும். இளையவர்களுக்குத்தான் புரியாது. புரியாமல் இருப்பது அவர்களுடைய குற்றமும் இல்லை.

கரவெட்டியில் இருக்கும் இந்த வீட்டின் வடக்குப் பாதி என் பெரியம்மாவின் மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த வருடம் வரை அவர் அந்தப் பாதியில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. இப்போது கணவர் இல்லை. பருத்தித்துறையில் மகளோடு இருக்கிறார். சித்திரை மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, சாக முதல் என்ரை வீட்டிலை ஒரு மாரி இருக்கவேணும். கூரையைப் போட்டுத் தா."

"மகளோடை இருக்கிறது வசதியில்லையோ?"

"மகளோடை இருக்கலாம். மருமகன்ரை ரீவியோடை இருக்கேலாது."

இப்படித்தான் திருத்த வேலை தொடங்கியது. தெற்குப் பாதி எனக்கும், கனடாவில் இருக்கும் தம்பிக்கும், சிட்னியில் இருக்கும் தங்கச்சிக்கும் சொந்தம். ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வீட்டில் பாதியை மட்டும் திருத்துவது சரிவராது என்று கட்டடக் கலைஞர் சொன்னார். ஆகவே குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டது. அன்றோடு என் நிம்மதி போயிற்று.

குழுவில் தம்பி முதலில் போட்டது ஒரு காணொளி. இடிந்த சுவர்கள், ஓடில்லாத கூரை, பின்னணியில் ஒரு சோகமான புல்லாங்குழல். கீழே எழுத்து: "போர் தின்ற எங்கள் வீடு." வாழ்நாளெல்லாம் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதிய செய்தியைத் திருத்தும் மேசையில் இருந்தவன் நான். பிழையான செய்தியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. போர் எத்தனையோ வீடுகளைத் தின்றது. அவற்றின் கணக்கில் எங்கள் வீட்டைச் சேர்ப்பது அந்த வீடுகளுக்குச் செய்யும் அநியாயம். எங்கள் வளவில் விழுந்த ஒரே ஷெல் மாட்டுக் கொட்டிலின் ஓலைக் கூரையைக் கொண்டுபோனது. மாடு அப்போது தோட்டத்தில் நின்றது. வீட்டின் வடக்குப் பாதி அதற்கு வெகுகாலம் முன்பே விழத் தொடங்கிவிட்டது. இதைக் குழுவில் எழுதினேன். தம்பி ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினான். காணொளியை எடுக்கவில்லை.

வீட்டைக் கட்டியவர் அம்மாவின் பூட்டன். திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பியவர். புகையிலையோடு போன வத்தை, அந்தப் பாய்மரத் தோணி, வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று தேக்கு மரம் ஏற்றுவித்தார். அந்தத் தேக்கில்தான் இந்தக் கதவும் தூண்களும். சுவர்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல். கல்லுக்குக் கல் இடையில் களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்து. சீமெந்து என்ற சொல்லே அன்று ஊரில் இல்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் விறாந்தை, விறாந்தைக்குப் பின்னால் அறைகள். நாற்சார் வீடு என்போம். நான்கு கூரைகளின் மழைத்தண்ணீரும் முற்றத்தில் விழும். முற்றத்தின் தெற்கு மூலையிலிருந்து நிலத்துக்குக் கீழால் போகும் ஒரு கல் வாய்க்கால் அதை வெளியே வாழைகளுக்குக் கொண்டுபோகும். ஒரு வாய்க்கால்தான். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். ஒரு வீடு இரண்டு வீடாகும் என்பது அவருடைய கணக்கில் இல்லை.

எனக்குப் பத்து வயதில் அது இரண்டு வீடாயிற்று.

அக்காவுக்குப் பருத்தித்துறையில் கலியாணம் பேசி, தை மாதம் என்று முடிவாகியிருந்தது. பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் சரிபாதியாக வந்த வீட்டில் பெரியம்மாவின் பாதி சீதனம். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். வெற்றிலைத் தட்டத்தைத் தொடவில்லை. அது நல்ல அடையாளமில்லை என்று எனக்கே தெரிந்தது.

"பிரிபடாத பாதி எண்டு எழுதினால் பிறகு கரைச்சல்," என்றார். "எந்தப் பாதி எண்டு தெரியவேணும். அளந்து, எல்லை போட்டுத் தாங்கோ."

"எல்லாரும் ஒரு குடும்பம்தானே," என்றார் பெரியப்பா.

"ஒரு குடும்பம் எண்டபடியால்தான் கேக்கிறன். பிறத்தியார் எண்டால் வழக்குப் போடலாம்."

இந்த வாதத்துக்கு எங்கள் பக்கத்தில் மறுபேச்சு இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும். ஆவணியில் நில அளவையாளர் வந்தார். சங்கிலியும் மூன்று கால் கருவியும், குடை பிடிக்க ஒரு ஆளும். காணியை மட்டும் அளந்து பிரித்துவிட்டு, வீட்டை வழக்கப்படி புழங்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியப்பாவும் என் அப்பாவும் நியாயவான்கள். நியாயவான்கள் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருப்பது பெரிய ஆபத்து. ஒரு அங்குலம் கூடினாலும் மற்றவர் மனம் நோகும் என்று இருவரும் நினைத்தார்கள். அல்லது அப்படிச் சொன்னார்கள். அதனால் கோடு சரி நடுவால் போயிற்று. வாசற்கதவின் நடுவால், முன் விறாந்தையின் நடுவால், முற்றத்தின் நடுவால், பின்பக்கம் குசினிக்கும் களஞ்சிய அறைக்கும் இடையால். குசினி எங்களுக்கு. சாமி அறை அவர்களுக்கு. கிணறு இருவருக்கும் பொது.

"கதவையாவது விடுங்கோவன்," என்று அளவையாளரே கேட்டார். "ரெண்டு வீட்டுக்காரரும் ஒரு வாசலாலை போனால் என்ன?"

"போகலாம்," என்றார் அப்பா. "பூட்டுறது ஆர்?"

அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

புரட்டாதியில் சுவர் எழும்பியது. வீட்டுக்குள் சீமெந்து வந்தது அதுதான் முதல் தடவை. அதன் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: நனைந்த சாம்பலும் பழைய இரும்பும் கலந்தது போல ஒன்று. அதுவரை அந்த வீட்டுக்கு இருந்த மணம் சுண்ணாம்பும் புகையிலையும். முற்றத்தின் நடுவில் ஒரு கல் தொட்டி இருந்தது. கோடு அதன் குறுக்கால் போனது. அதை வெட்ட மேசனிடம் உளி இல்லை, நகர்த்தவும் முடியவில்லை. தொட்டிக்கு மேலாலேயே சுவரைக் கட்டினார்கள். பிறகு எங்கள் கோழிகள் இந்தப் பக்கமும் அவர்களின் கோழிகள் அந்தப் பக்கமும் ஒரே தண்ணீரைக் குடித்தன. எல்லை மீறிய உயிர்கள் அவை மட்டும்தான்.

கதவின் இரண்டு பாதிகளும் சுவரின் தடிப்புக்கு இடம் விடும்படி சீவப்பட்டன. உட்புறத்தில் இரண்டையும் சேர்த்துப் பூட்டிய குறுக்குத் தாழ் ஒன்று இருந்தது. ஆள் உயரத் தேக்கு மரம். பகலில் சுவரில் சாத்தியிருக்கும். பொழுதுபட அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி மாட்டுவார்கள். அது யாருக்கு என்பதில் முடிவு வரவில்லை. பாதியாக அறுக்கலாம் என்று பெரியப்பா சொன்னபோது பெரியம்மா அழுதார். அது கிணற்றடியில் கொஞ்ச நாள் கிடந்தது. துணி காயப்போடக் கம்பாக நின்றது. அதன் பிறகு அதை நான் காணவில்லை. யாரும் கண்டதாகச் சொல்லவுமில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியது.

வாய்க்கால் எங்கள் பக்கம் என்பதை யாராவது யோசித்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் மழையிலேயே சுவருக்கு அந்தப்பக்கம் தண்ணீர் நின்றது. இந்தப் பக்கம் முற்றம் கழுவிவிட்டது போல இருந்தது. அந்தப் பக்கம் வாளி தண்ணீரில் மோதும் சத்தமும், அதைக் கொண்டுபோய் ஊற்றும் சத்தமும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தன. தவளைகளும் அந்தப் பக்கம்தான். நான் விறாந்தையில் இருந்து வாய்ப்பாடு பாடமாக்கினேன். அப்பா பத்திரிகை வாசித்தார். நாலு நாள் கழித்துச் சுவருக்கு மேலால் பெரியப்பாவின் குரல் வந்தது.

"தம்பி, இஞ்சாலை தண்ணி நிக்குது."

"கேக்குது அண்ணை."

"அடியிலை ஒரு கல்லைக் கழட்டினால் உங்கடை வாய்க்காலாலை போயிடும்."

"கழட்டலாம். ஆனால் காணி உறுதியிலை வாய்க்கால் எழுதேல்லை. நாளைக்கு உங்கடை சம்பந்தி வந்து வாய்க்கால் உரிமை எண்டு நிண்டால்?"

"அவர் அப்பிடிப்பட்ட ஆளில்லை."

"தேத்தண்ணி குடிச்சிட்டு வெத்திலை தொடாத மனுசன் அண்ணை அவர். உரிமை கேக்கமாட்டம் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. நானே அலவாங்கு எடுத்து இடிக்கிறன்."

"நான் என்னெண்டு எழுதிறது? எழுதினால் அது பிள்ளையின்ரை சீதனத்தைக் குறைச்ச மாதிரி. மாப்பிள்ளை பகுதியைக் கேக்கவேணும்."

"அப்ப கேளுங்கோ."

"கேட்டால் முற்றத்திலை தண்ணி நிக்கிறது தெரிஞ்சுபோம்."

இருவரும் சொன்னது சட்டப்படி சரி. இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிற்காலத்தில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் விசாரித்தேன். பயத்தில் நியாயம் இருந்தது என்றார். நியாயமான பயத்தோடு இரண்டு நியாயவான்கள் சுவரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். தண்ணீர் நடுவில் நின்றது.

அடுத்த நாள் அக்கா வந்தார். வாசலால் போய்ச் சுற்றி வரவில்லை, கிணற்றடியால் வந்தார். பாவாடையின் கீழ்ப்பகுதி சேறு. அப்பாவின் முன்னால் நின்றார். பெரியவர்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்காத அக்கா அன்று பார்த்தார்.

"சித்தப்பா, ஒரு கல்லு."

"பிள்ளை, நான் உனக்காகத்தான் யோசிக்கிறன்."

"என்ரை அறை ஊறுது சித்தப்பா."

"ஊறினது காயும். எழுதினது அழியாது. இண்டைக்கு நான் இடிச்சு, நாளைக்கு இதாலை ஒரு வழக்கு வந்தால், உன்ரை புருசனும் என்ரை பிள்ளையளும் கோட்டிலை நிக்கிறதோ?"

அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போனார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. நான் பிறகு போய்ப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அந்தப் பக்கத்தில் அலவாங்கு சுவரில் படும் சத்தம் கேட்டது. நாலைந்து அடி. பெரியப்பா அக்காவைப் பெயர் சொல்லிக் கத்தினார். சத்தம் நின்றது. ஊர் முழுக்கத் தெரிந்துபோனது அவர் கத்தியதுதான். ஏன் என்பது யாருக்கும் தெரியாது. பொம்பிளைக்குக் கலியாணத்தில் விருப்பமில்லையாம் என்று சந்தையில் கதைத்தார்களாம்.

கார்த்திகையில் ஒரு முற்பகல், மழை விட்டு வெயில் எறித்த நேரம், அக்காவின் அறையின் முற்றத்துப் பக்க மூலை விழுந்தது. பெரிய சத்தமில்லை. நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினால் வருமே, அப்படி. கல்லுக்கு இடையில் இருந்த சாந்து கரைந்து, கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா இருந்திருக்கின்றன. மூலையோடு கூரையின் ஒரு பகுதியும் வந்தது. அறைக்குள் இருந்த புதுக் கட்டிலின் மேல் ஓடுகள் கிடந்தன. யாருக்கும் காயமில்லை. ஈரச் சுண்ணாம்பின் மணம் எங்கள் பக்கம் வரை வந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு அப்பா தானே அலவாங்கை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனார்.

"அண்ணை, இடிக்கிறன்."

"இனி என்னத்துக்கு?" என்றார் பெரியப்பா. "விடும். பாதி உம்மடை. உம்மடை பக்கத்துக்குத் தண்ணி வரவேண்டாம்."

கோபம் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாறியது. சுவர் மட்டும் அப்படியே நின்றது.

கலியாணம் தையில் நடந்தது. முன் வளவில் பந்தல். தாலி கட்டு அங்கே. பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் கைபிடித்தபடி வீட்டுக்குள் நுழைய வேண்டும். பாதிக் கதவால் தலைப்பாகையோடு ஒரு மாப்பிள்ளை நுழையலாம். இரண்டு பேர் நுழைய முடியாது. பக்கவாட்டில் திரும்பி நுழையப் பார்த்தார்கள். அக்காவின் கூறைச் சேலை தாழ்ப்பாளில் மாட்டியது. பந்தலில் யாரோ சத்தமாகச் சொன்னார்:

"மாப்பிள்ளை இதாலையும் பொம்பிளை அதாலையும் போகட்டும். கூரைக்கு மேலை சந்திக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அதில் எங்கள் வீட்டார் யாரும் இல்லை. மாப்பிள்ளை கையை விட்டுவிட்டு முன்னால் போனார். அக்கா பின்னால் போனார். அன்றைக்கே பருத்தித்துறைக்குக் கார் புறப்பட்டது.

இனி வருவதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்காதது. மாப்பிள்ளையின் தகப்பன் சொன்னார்: "வீட்டைத் திருத்தித் தாங்கோ, பிள்ளையள் வந்து இருப்பினம்." பெரியப்பா சொன்னார்: "எழுதிக் குடுத்தாச்சு. இனி அது அவையின்ரை வீடு. தன்ரை வீட்டைத் தான் திருத்த வேணும்." இதுவும் சட்டப்படி சரி. எங்கள் ஆட்கள் தவறான வார்த்தை பேசி ஒரு வீட்டையும் அழித்ததில்லை. சரியான வார்த்தை பேசித்தான் அழித்தார்கள். பெரியப்பா அந்த அறையைப் பூட்டி, பின்பக்கத்தில் இருந்தார். பிறகு பெரியம்மாவும் அவரும் சின்ன மகளிடம் கோப்பாய்க்குப் போனார்கள். திறந்த மூலையால் ஒவ்வொரு மாரியும் உள்ளே போயிற்று. கூரை வளைகள் உக்கின. பீலி ஓடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. வேரோடிய ஆலங்கன்று ஒன்று சாமி அறைச் சுவரில் நின்றது. பின்னால் ஆளில்லாமல் போன எங்கள் பாதியின் கூரையும் அதே வழியில் போயிற்று. அவ்வளவுதான் இந்த வீட்டின் வரலாறு. இதற்குப் புல்லாங்குழல் வேண்டியதில்லை.

இந்த ஆனியில் வேலை தொடங்கியபோது, சுவரை முழுதாக எடுத்தால்தான் முற்றம் முற்றமாக இருக்கும் என்று கட்டடக் கலைஞர் சொன்னார். குழுவில் எழுதினேன். தங்கச்சி: "பழைய மாதிரியே வரவேணும்." எந்தப் பழைய மாதிரி என்று கேட்டேன். "நாங்கள் இருந்த மாதிரி." அவள் பிறந்தது சுவர் எழும்பிய பிறகு. அவளுக்கு இந்த வீடு சுவரோடுதான் வீடு. தம்பி குரற்பதிவு அனுப்பினான்: "அண்ணை, சுவரை உடைச்சால் எங்கடை பாதி எது எண்டு நாளைக்கு என்னெண்டு தெரியும்? அக்கா நல்லவ. அவவின்ரை பிள்ளையள் எப்பிடியோ. எதுக்கும் எழுத்திலை வாங்குங்கோ." குரல் கூட அப்பாவின் குரல். நான் அதை இரண்டாம் தரம் கேட்கவில்லை.

குழுவில் முடிவு வராததால் வடக்குப் பாதியின் கூரை மட்டும் தனியாகப் போடப்பட்டு ஆடியில் முடிந்தது. அதற்கு அக்காவின் சம்மதம் மட்டும் போதுமானதாக இருந்தது. விழுந்த மூலையைச் சுண்ணாம்புச் சாந்திலேயே கட்டினார்கள். முற்றத்துத் தண்ணீர்தான் மிச்சம். வாய்க்கால் எங்கள் பக்கம். எங்கள் பக்கத்துக்கு மூன்று சொந்தக்காரர். மூவரில் இருவர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கட்டடக் கலைஞர் தினமும் கேட்டார், ஓட்டை போடலாமா என்று. நான் தினமும் குழுவைப் பார்த்தேன். மூன்று வாரம் அதில் வந்தவை பிறந்தநாள் வாழ்த்துகள்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தன் பக்க முற்றத்தில் போடச் சொல்லி அதில் இருந்தார். சுவரை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, அலவாங்கோடு நின்ற வேலையாளிடம் கைத்தடியால் அடியைக் காட்டினார்.

"உதிலை அடி."

வேலையாள் என்னைப் பார்த்தார்.

"அவனைப் பாக்காதை," என்றார் அக்கா. "அவையள் யோசிக்கிற ஆக்கள்."

"தம்பியவையிட்டை இன்னும் பதில் வரேல்லை அக்கா," என்றேன்.

"வரட்டும். நான் எங்கை போறன்? இஞ்சைதானே இருக்கப்போறன்."

நான் அடிக்கச் சொன்னேன். சுவர் லேசில் விடவில்லை. அந்தக் காலத்து மேசன் சீமெந்தைத் தாராளமாகப் போட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் தெரியும்படி ஒரு துவாரம் விழுந்தபோது நேரம் மதியம் தாண்டிவிட்டது. அக்கா ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தன் கையால் ஊற்றினார். அது போவதைக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு சின்ன ஓட்டை," என்றார்.

பிறகு சோறு கொண்டுவந்தாயா என்று என்னைக் கேட்டார்.

புரட்டாதியில் அவர் குடிவந்தார். இப்போது கார்த்திகை. நேற்று மழைக்குள் போய்ப் பார்த்தேன். தன் விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார், முற்றம் காய்ந்திருந்தது. எங்கள் பாதிக்கு இன்னும் கூரை போடவில்லை.